பூண்டு மணத்த கை

பத்தரை மணிப் பேருந்து எங்கள் ஊரின் கடைசி நிறுத்தத்தில் வந்து நின்றபோது ஒரே ஒரு பெண்தான் இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். மலையேற வருகிறவர்களைப் போலக் கைத்தடியோ, பளபளக்கும் சட்டையோ இல்லை. கறுப்புக் கோட்டு, நகரத்துச் செருப்பு. இரண்டு கைகளிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை. ஏப்ரல் கடைசி வெயிலில் எதற்குக் கையுறை என்று யோசித்துக்கொண்டே கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"தக் ஓக்பூன்னு ஒருத்தங்க மேல தனியா இருக்காங்களாமே. எப்படிப் போகணும்?"

நான் துடைப்பத்தை நிறுத்தினேன்.

"மலையில தனியா வாழறவங்களைப் படம் பிடிக்கிற டிவிக்காரங்களா நீங்க? அப்படின்னா இதே பஸ்ஸுல திரும்பிடுங்க. போன வருஷம் கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்தவன் தலையில எங்க அக்கா அரிசி கழுவுன தண்ணியை ஊத்தினா. பாவம், குளிர்ல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே போனான்."

அவள் சிரிக்கவில்லை.

"நான் அவங்க நாத்தனார். பேரு ஹேரியோன்."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். ஒன்பது வருடங்களில் ஓக்பூன் அக்காவைத் தேடி உறவு என்று ஓர் ஆள் அந்த மலையில் கால் வைத்ததில்லை.

ஓக்பூன் அக்காவை நான் முதலில் பார்த்தது ஓர் இலையுதிர் காலத்தில். இதே பேருந்திலிருந்துதான் இறங்கினாள். ஒரு பானை, ஒரு மெத்தை விரிப்பு, ஒரு ரேடியோ, ஒரு சுவர்க் கடிகாரம், வளைந்த சிறு கத்தி ஒன்று. ஒன்றரை மணி நேரம் ஏறினால் ஓடைக்கு மேலே ஒரு பாழடைந்த வீடு உண்டு. காட்டை எரித்து உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்த ஒரு குடும்பம் விட்டுப் போனது. கூரையில் வானம் தெரியும். அங்கே தங்கப் போகிறேன் என்றாள். "பனி விழறதுக்கு முன்னாடி கீழ வந்துருவா பாருங்க" என்று நான் என் கணவரிடம் பந்தயம் கட்டினேன். "புத்தாண்டு வரைக்கும் தாங்குவா" என்றார் அவர். இருவரும் தோற்றோம். மார்ச் மாதம் பாதி உடம்பாக இளைத்து இறங்கி வந்தாள். உப்பு வாங்கினாள். "நல்ல குளிர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒரு முறை நானே மேலே போக ஆரம்பித்தேன். அரிசி, உப்பு, நூல் கொண்டு போவேன். காய்ந்த காளான் கொடுத்தனுப்புவாள். அந்தக் கடிகாரத்தை முதல் வருடமே என்னிடம் தந்துவிட்டாள். இப்போதும் என் கடையில்தான் ஓடுகிறது. ரேடியோவின் பேட்டரி தீர்ந்தபோது நான் புதிது வாங்கிப் போனேன். வேண்டாம் என்று திருப்பித் தந்தாள்.

"ஏன்க்கா, பேச்சுத் துணைக்காவது இருக்கட்டுமே?"

"ரேடியோ பேசினா எனக்குள்ள இருக்கிறவ வாயை மூடிக்கிறா. அவ பேசட்டும். எனக்கு அவ கிட்டக் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

உருளைக்கிழங்கு, சோளம், தானே அரைத்துப் புளிக்கவைத்த சோயா விழுது, காட்டில் கிடைக்கும் கீரை, இவ்வளவுதான் அவள் சாப்பாடு. இரண்டு உடுப்பு. விறகு வெட்டுவாள், தோட்டம் கொத்துவாள், மீதி நேரம் ஓடைக் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தால் தண்ணீரைப் பார்த்தபடி அசையாமல் இருப்பாள். முகத்தில் நிம்மதி என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை. யாரோ குறுக்கு விசாரணை செய்வதற்கு மௌனமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவளைப் போல இருக்கும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் காட்டுப்பூண்டு இலை துளிர்க்கும்போது ஒரு காரியம் செய்வாள். ஒரு மூட்டை நிறைய இலை பறித்து வந்து ஓடையில் உட்காருவாள். கையைக் கழுவுவாள். ஓர் இலையை எடுத்துத் தண்ணீரில் அலசி மோந்து பார்ப்பாள். தள்ளி வைப்பாள். மறுபடி கையைக் கழுவுவாள். இன்னோர் இலை. உருகிய பனித் தண்ணீரில் விரல்கள் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து போகும்.

"என்னக்கா நேர்த்திக்கடன் இது?"

"நேர்த்தி இல்ல டீ. பரீட்சை."

"பாஸா, ஃபெயிலா?"

"வருஷா வருஷம் ஃபெயில்தான்."

நான் சிரித்தேன். பாவி, நான் சிரித்தேன்!

அன்று கடையைப் பூட்டிவிட்டு ஹேரியோனை நானே அழைத்துக்கொண்டு கிளம்பினேன். மலை வாசலில் தீக்காவலர் சிவப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"கடைக்காரம்மா, பையில தீப்பெட்டி இருந்தா வெச்சிட்டுப் போ. காடு எரிஞ்சா என் வேலையும் சேர்ந்து எரியும்."

"என்கிட்ட இருக்கிற ஒரே நெருப்பு என் வாய்தான்."

"அதான்மா எனக்குப் பயமே!"

ஹேரியோன் அதற்கும் சிரிக்கவில்லை. முதல் ஏற்றம் முடிகிற இடத்தில், பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோதுதான் வாய் திறந்தாள்.

"எங்க அண்ணனை நான்தான் கொன்னேன். உங்களுக்கு அவங்க சொல்லியிருப்பாங்க."

"அக்கா எதையும் சொன்னதில்லம்மா."

அவள் சொன்னாள். அண்ணன் பெயர் சங்பே. இன்ஜே என்ற ஊரில் அவரும் ஓக்பூன் அக்காவும் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். இலையில் சோற்றையும் இறைச்சியையும் வைத்து மடித்துச் சாப்பிடுகிற கடை, அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. பதினொரு வருடங்களுக்கு முன்னால், இதே மாதம், இரண்டு பெண்களும் காட்டுப்பூண்டு பறிக்கப் போயிருக்கிறார்கள். இரண்டு மூட்டையையும் ஒரே கூடையில் கொட்டியிருக்கிறார்கள். சங்பே ஆசையாகச் சாப்பிட்டிருக்கிறார். ஏற்கெனவே பலவீனமான இதயம். வாந்தி எடுத்து, நாடி அடங்கிக்கொண்டே போய், விடிவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் மலையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூண்டு இலை முளைக்கிற சரிவிலேயே பக்சே என்கிற விஷச் செடியும் முளைக்கும். இளந்தளிராக இருக்கும்போது அக்கா தங்கை மாதிரி இருக்கும்; பக்சே இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் மெல்லிய ரோமம். மோந்து பார்த்துத்தான் பிரிப்போம். பூண்டு மணந்தால் மூட்டைக்குள், மணக்காவிட்டால் தூர.

"டாக்டர் கேட்டார், யாரும்மா இலை பறிச்சதுன்னு. அண்ணி என்னைக் காட்டினாங்க. அன்னிக்கு எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைச்சிருந்துச்சு. மோப்பமே இல்லாதவ எதுக்குப் போனேன் சொல்லுங்க? சாவு வீட்டுல எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. எனக்கும் பதில் தெரியல. வேற யாரா இருக்க முடியும்?"

அவள் கையுறைக் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"அன்னிலேருந்து நான் சமைக்கல. பள்ளிக்கூடச் சமையலறையில பாத்திரம் மட்டும் கழுவறேன். பெத்த பொண்ணுக்குக்கூடக் கடைச் சோறு வாங்கிக் குடுத்துத்தான் வளர்த்தேன். இப்ப அவ மாசமா இருக்கா. அடுத்த மாசக் கடைசியில பிரசவம். 'அம்மா, குழந்தை பிறந்ததும் உன் கையாலதான் கடற்பாசி சூப்பு குடிப்பேன், வேற யார் வெச்சாலும் தொட மாட்டேன்'ங்கிறா."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளை பெற்றவளுக்கு அவள் தாய் அந்த சூப்பைக் காய்ச்சித் தராவிட்டால் ஊர் என்ன சொல்லும், அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்!

"கடற்பாசியும் இலை மாதிரிதானேங்க? தண்ணியில ஊறி விரியும்போது எனக்கு அண்ணன் முகம்தான் தெரியுது. என் கையில விஷம் இருக்கு. அண்ணி ஒரே ஒரு வார்த்தை, 'உன்னை மன்னிச்சுட்டேன்'னு சொல்லிட்டா, இந்தக் கையுறையைக் கழட்டிருவேன். அதுக்குத்தான் வந்தேன். சொல்லலைன்னா..."

முடிக்காமல் எழுந்து நடந்தாள்.

நாங்கள் போனபோது அக்கா ஓடைக் கல்லில் இருந்தாள். பக்கத்தில் இலை மூட்டை, வளைந்த கத்தி. ஒரு கையில் அலசிய இலை. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். கையிலிருந்த இலை நழுவித் தண்ணீரோடு போனது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

ஹேரியோன் அந்த ஈரக் கற்களின் மேலேயே மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினாள். எழவே இல்லை.

"அண்ணி..."

"எழுந்திரு. கல்லு ஜில்லுன்னு இருக்கு." அக்காவின் குரல் கட்டையாக வந்தது. "சாப்பிட்டியா?"

"சாப்பிட வரல அண்ணி. உங்க புருஷனை உங்ககிட்டேருந்து பறிச்சவ நான். பதினொரு வருஷமா உங்க முன்னாடி வர தைரியம் இல்ல. என் பொண்ணு செபோம் மாசமா இருக்கா. அவளுக்கு நான் சமைக்கணும். என்னை அடிங்க, திட்டுங்க. கடைசியில மட்டும் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அக்கா "விறகு எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனாள். அடுப்படியில் விறகு நிறைய இருந்ததை நான் பார்த்திருந்தேன். பின்னாலேயே ஓடினேன்.

விறகுக் குவியலில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன இது? பாவம், அந்தப் பொண்ணு கல்லுல கெடக்குறா. ஒரு வார்த்தை சொல்லேன்!"

"கடைக்காரி," என்றாள் திரும்பாமல். "அந்த இலையை அறுத்தது நான்."

எனக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துவிட்டது, அதனால்தான் காது அடைத்துக்கொண்டது.

"ஹேரியோன் கிட்டக் கத்தியே கிடையாது. அவ ஒரு செடிக்கு ஒரு இலைன்னு கையால கிள்ளுறவ, செடி சாகக் கூடாதும்பா. எனக்குக் கடைக்கு நிறைய வேணும். நான் அடியோட கொத்துக் கொத்தா அறுப்பேன். சங்பேயை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுக் கூடையைப் பார்த்தேன். பக்சே இலை ரெண்டு, அடியில ஒட்டினபடியே, சாய்வா வெட்டுன வெட்டோட கெடந்துச்சு."

"ஐயோ... அப்புறம்?"

"எடுத்துத் தரையடுப்புல போட்டேன். எரியுற வரைக்கும் நின்னு பார்த்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவ பேரைச் சொன்னேன்."

நான் விறகுக் குவியலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்க வந்த முதல் வருஷம் எனக்குள்ளயே கேட்டேன், உனக்கு அன்னிக்குத் தெரியுமாடின்னு. தெரியாது, பதட்டத்துல ஏதோ குப்பையை எரிச்சேன்னு பதில் வந்துச்சு. மூணு வருஷம் அதே பதில். இங்க பொய்யைக் கேட்டுக்க யாரும் இல்லையே, எத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிக்கிறது? நாலாவது குளிர்ல ஒரு நாள் காலையில அடுப்பு மூட்டும்போது, விறகோட வெட்டுவாயைப் பார்த்தேன். சாய்வா இருந்துச்சு. அங்கேயே உட்கார்ந்துட்டேன். தெரியும் டீ. அன்னிக்கே, அந்த நிமிஷமே தெரியும்."

"அஞ்சு வருஷமா ஏன்க்கா அவகிட்டப் போய்ச் சொல்லல?"

"ஒவ்வொரு வசந்தத்துக்கும் கிளம்புவேன். பாதி வழி இறங்குவேன். உன் கடை ஓடு தெரியுற வளைவு வரைக்கும் வந்திருக்கேன். அங்கேருந்து கால் வராது."

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, காதருகே சொன்னேன்: "அக்கா, இதை என்கிட்டச் சொன்னதோட விட்டுடு. போய் மன்னிச்சேன்னு சொல்லிடு. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். சந்தோஷமா இறங்கிப் போய் சூப்பு வெப்பா. உண்மையைச் சொன்னா உனக்குன்னு இருக்கிற ஒரே உறவும் போயிடும். அவளும் பதினொரு வருஷத்தை நினைச்சு உடைஞ்சு போவா. யாருக்கு லாபம்?"

"நான் அவளை மன்னிக்கிறதா?" அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை என் எதிரிக்கும் ஆண்டவன் கொடுக்க வேண்டாம். பிறகு முகத்தைக் கையால் துடைத்தாள். "நீ சொல்றதும் சரிதான் கடைக்காரி. ஒரு வார்த்தை. அவ்வளவுதானே."

நடந்து போனாள். எதை முடிவு செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது நடந்தாலும் அந்த மலையில் ஒருத்தி சாகப் போகிறாள் என்று மட்டும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஹேரியோன் இன்னும் கல்லில்தான் இருந்தாள். அக்கா அவள் எதிரே குந்தினாள்.

"கையுறையைக் கழட்டு."

"முதல்ல நீங்க சொல்லுங்க அண்ணி."

"சொல்லத்தான் போறேன். கழட்டு."

மெல்லக் கழற்றினாள். பாத்திர சோப்பில் ஊறி ஊறி வெளுத்துப் போன கைகள். அக்கா மூட்டையிலிருந்து ஒரு பூண்டு இலையை எடுத்துக் கசக்கி, அந்த இரு உள்ளங்கைகளிலும் அழுத்தித் தேய்த்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல. பிறகு மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவி, வேறோர் இலையை எடுத்துக் கொடுத்தாள்.

"மோந்து பாரு."

ஹேரியோன் குழப்பத்தோடு மோந்தாள். "பூண்டு."

"இன்னொரு தடவை."

"பூண்டுதான் அண்ணி. எதுக்கு..."

"இப்பக் கையையும் இலையையும் ஓடையில நல்லாக் கழுவு."

கழுவினாள்.

"மோந்து பாரு."

மோந்தாள். மறுபடி மோந்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"வாசனையே இல்ல..." இலையைத் திருப்பினாள். அடியில் விரலால் தடவினாள். தீப்பட்டது போல உதறி எறிந்தாள். "பக்சே! அண்ணி, இது பக்சே!"

"ஆமா. இன்னிக்குக் காலையில நான் பறிச்சது. மோந்து பார்த்து, பூண்டுன்னு நிச்சயமா நினைச்சு மூட்டையில போட்டது. ஒன்பது வருஷம் இந்த மலையிலயே கெடக்குறவ போட்டது. நாலு பூண்டு பறிச்ச கைக்கு அஞ்சாவது எதை எடுத்தாலும் பூண்டுதான் மணக்கும். இலை மணக்கல ஹேரியோன். என் கைதான் மணந்துச்சு. அன்னிக்கும்."

ஹேரியோன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கு மூக்கு அடைச்சிருந்துச்சு. அதனால நீ ஒவ்வொரு இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தே. அடியில ரோமம் இருக்கான்னு தடவினே. நான் உன்னைக் கேலி பண்ணினேன், 'இலைக்குப் பேன் பாக்குறியா'ன்னு. ஞாபகம் இருக்கா? உன் மூட்டையில ஒரு பக்சேகூட இல்ல. எல்லாம் என் மூட்டை."

பிறகு மீதியையும் சொன்னாள். கூடையில் கிடந்த வெட்டுப்பட்ட இலை. தரையடுப்பு. ஆஸ்பத்திரி. ஒரு சொல் விடவில்லை, தனக்குச் சாதகமாக ஒரு சொல் சேர்க்கவில்லை.

நான் எதிர்பார்த்த கதறல் வரவில்லை. ஹேரியோன் மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"சாவு வீட்டுல, பெரியண்ணன் என்னைச் சவப்பெட்டி பக்கத்துல வர விடாமத் தள்ளினப்ப?"

"தெரியும்."

"என் வீட்டுக்காரர், 'உன் கையால சாப்பிட பயமா இருக்கு'ன்னு பிரிஞ்சு போனப்ப?"

"தெரியும்."

ஹேரியோன் குனிந்து அந்த வளைந்த கத்தியை எடுத்தாள். நான் வீலென்று கத்திவிட்டேன். அக்கா நகரவில்லை. ஹேரியோன் கத்தியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். கையை ஓங்கி ஓடையின் ஆழமான மடுவுக்குள் வீசினாள். பிறகு இலை மூட்டையைத் தலைகீழாகப் பிடித்து எல்லாவற்றையும் தண்ணீரில் கொட்டினாள். பச்சையாக ஓடை நிறைந்து ஓடியது. வீட்டு வாசலில் தொங்கிய மூங்கில் கூடையை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறத் தொடங்கினாள்.

"ஹேரியோன்! எங்கம்மா போறே?"

"யாரும் என் பின்னாடி வரக்கூடாது."

நகரத்துச் செருப்பு, சறுக்குகிற கல், கொதிக்கிற மனம். நான் ஓடப் பார்த்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. அவ இஷ்டம்."

"விழுந்து செத்தா?"

"அவளுக்கு மலை தெரியும். என்னைவிட நல்லாத் தெரியும்." எழுந்தாள். "பசியோட வந்திருப்பா. சோறு வெக்கிறேன்."

இப்படியும் ஒரு பெண்ணா! அரிசி களைந்தாள், அடுப்பை மூட்டினாள், சோயா விழுதைக் கிண்ணத்தில் எடுத்தாள். நான் வாசலுக்கும் சரிவுக்குமாக நடந்தேன். கடிகாரம் என் கடையில் இருக்கிறதே, எவ்வளவு நேரம் போனது என்று யாருக்குத் தெரியும்? சோறு வெந்து, ஆவி அடங்கி, மூடியின் மேல் நீர் முத்து காயத் தொடங்கிய பிறகுதான் புதர் அசைந்தது.

ஹேரியோன் இறங்கி வந்தாள். முழங்காலில் சேறு, கன்னத்தில் முள் கீறல். கூடையைக் கோட்டால் மூடியிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பாமல் ஓடையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நீண்ட நேரம் கழுவினாள். என்ன இலை என்று பார்க்க நான் எட்டி எட்டி நோக்கினேன். முதுகுதான் தெரிந்தது. அந்தச் சரிவில் பூண்டைவிட பக்சேதான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஈரக் கையோடு வந்து சோற்றுப் பானை அருகே மண்டியிட்டாள். இடது உள்ளங்கையில் ஓர் இலையை விரித்தாள். சோறு வைத்தாள், விழுது வைத்தாள், மடித்தாள். மடித்த பிறகு எந்த இலையும் ஒரே மாதிரிதான். அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வாயைத் திறங்க அண்ணி."

"ஹேரியோன்!" நான் பாய்ந்தேன். "எனக்குக் காட்டு முதல்ல! அது என்ன இலை, காட்டு!"

அக்கா என்னை ஒரு கையால் தள்ளினாள். இலையைப் பார்க்கவில்லை. மோந்து பார்க்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

மென்றாள். மெல்ல மெல்ல, கண்ணோரம் நீர் வழிந்தது. அது விஷத்தின் கசப்பா, வேறு ஏதாவதா என்று தெரியாமல் நான் என் ஏப்ரன் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றேன். விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" ஹேரியோன் கேட்டாள். குரல் கரகரத்தது.

"விழுது கொஞ்சம் ஜாஸ்தி."

"பதினொரு வருஷம் ஆச்சு. அளவு மறந்துபோச்சு."

இன்னொன்று மடித்தாள். ஊட்டினாள். இன்னொன்று. எத்தனை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் கூடையில் ஓர் இலை இருந்தது. அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். வாயருகே கை நின்றது, பிறகு இலை உள்ளே போனது. மென்றுகொண்டே அழுதாள். எங்கள் மலை முழுக்கக் கேட்ட அழுகை அது. அவள் வாயிலிருந்து வந்த பூண்டு வாசனை நான் நின்ற இடம் வரை வீசியது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அக்கா அவளைத் தொடவில்லை. தொட அருகதை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு ஹேரியோன் சொன்னாள்:

"நான் உங்களை மன்னிக்கல அண்ணி."

"தெரியும்."

"மன்னிப்பேனான்னும் தெரியல."

"சரி."

"வர்ற வியாழக்கிழமை அண்ணனோட நினைவு நாள். பெரியண்ணன் வீட்டுல படையல். எல்லாரும் வருவாங்க. அன்னிக்கு சாவு வீட்டுல இருந்த எல்லாரும்."

அக்கா எழுந்து நின்றாள். "வரேன்" என்றாள்.

மாலைப் பேருந்துக்கு ஹேரியோனை நான் கொண்டுவந்து விட்டேன். ஏறும்போதுதான் கவனித்தேன், கையுறை இல்லை.

வியாழக்கிழமை காலை ஓக்பூன் அக்கா இறங்கி வந்தாள். கடை ஓடு தெரிகிற வளைவில் கொஞ்சம் நின்றாள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். கை தட்டிக் கூப்பிடவில்லை. வந்துவிட்டாள். மறுநாள் மத்தியானப் பேருந்தில் திரும்பினாள். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொன்னேன். பெரியண்ணன் நான் உட்கார்ந்த பாயைத் தூக்கி வெளிய எறிஞ்சார். யாரும் முகத்துல துப்பலை, அவ்வளவுதான். வாசல்ல நின்னே கும்பிட்டுட்டு வந்தேன்."

"ஹேரியோன்?"

"என் பக்கம் திரும்பல." கொஞ்சம் நிறுத்தினாள். "படையல் பூராவும் அவ சமைச்சது. கீரை மூணு வகை. எல்லாரும் சாப்பிட்டாங்க டீ. தட்டுல மிச்சமே இல்ல."

உப்பு வாங்கிக்கொண்டு மலையேறினாள்.

மே மாதக் கடைசியில் என் கடைத் தொலைபேசி அடித்தது. ஹேரியோன்தான். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "மேல போனா சொல்லிடுங்க" என்று இரண்டு செய்தி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன்.

அக்கா உருளைக்கிழங்குப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். வேலி முளையில் அந்த வெள்ளைக் கையுறை தொங்கியது. விறகு சுமக்க வைத்துக்கொண்டிருக்கிறாள் போலும், அழுக்கேறிக் கிடந்தது.

"அக்கா! செபோமுக்குப் பொண்ணு பொறந்திருக்கு!"

தலை நிமிரவில்லை. களை பிடுங்குகிற கை மட்டும் நின்றது.

"சூப்பு?"

"ரெண்டு கிண்ணம் குடிச்சாளாம். மூணாவது கேட்டாளாம்."

அக்கா தன் கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். மண் அப்பிய விரல்களை மூக்கருகே வைத்து நெடுநேரம் மோந்தாள்.

"என்னக்கா, என்ன வாசனை?"

"மண்ணு டீ," என்றாள். மறுபடி களையைப் பிடுங்கத் தொடங்கினாள்.